மத்திய அலை: எதற்கு நடு, எந்தச் சொல் சரி?

மீடியம் வேவ் என்பதற்குத் தமிழ் வானொலி நிலையங்கள் பழக்கிவிட்ட பெயர் மத்திய அலை. சென்னை நிலையத்தின் அறிவிப்பு ‘மத்திய அலை 416.7 மீட்டர், அதாவது 720 கிலோஹெர்ட்ஸ்’ என்ற பாணியில் வரும். முதல் எண் அலைநீளம், அடுத்தது அதிர்வெண். 3,00,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும்.

இங்கே மத்திய என்றால் நடு. மத்திய அரசு என்பதில் இருக்கும் தலைமைப் பொருள் இதில் இல்லை. மீடியம் பிறந்தது ‘நடுவில் இருப்பது’ என்று பொருள்படும் மீடியஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதுவும் வடமொழி மத்யவும் ஒரே வேரில் கிளைத்தவை. மீடியம் என்பதற்கு ஊடகம் என்ற பொருளும் உண்டு. ஆனால் ‘ஊடக அலை’ என்று பெயர்த்தால் பிழை.

எதற்கு நடு? ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட நெட்டலைக்கும், 10 முதல் 100 மீட்டர் வரையுள்ள சிற்றலைக்கும் நடு. நம் பகுதியில் ஒலிபரப்புக்கு உள்ள மத்திய அலை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 565 மீட்டரிலிருந்து 187 மீட்டர் வரை. 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 120 இடங்கள். எல்லாமே ஒன்பதின் மடங்கு: திருச்சி 936, கோவை 999, தூத்துக்குடி 1053. அமெரிக்கக் கண்டங்களில் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். அங்கிருந்து வரும் டிஜிட்டல் ரேடியோவில் 9-க்கு மாற்றும் வசதி இல்லையென்றால் நம் நிலையங்கள் சரியாகப் பொருந்தாமல் கரகரக்கும்.

டிரான்ஸ்மிட்டருக்குப் பாடநூல் தரும் சொல் பரப்பி. ரேடியோ பெட்டி ஏற்பி. இரண்டும் நல்ல சொற்கள். டவரைக் கோபுரம் என்று எழுதுவதுதான் பொருத்தமாகப் படவில்லை. பண்பலைக்கு டவர் ஒரு தாங்கி, உச்சியில் ஆண்டெனா இருக்கும். மத்திய அலையில் டவரே ஆண்டெனா. அதனால் அலைக்கம்பம் என்பதே சரி. 720 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் என்றாலே கம்பம் 104 மீட்டர் உயரம் வேண்டும். அத்தனை எடையும் அடியிலுள்ள, மின்சாரத்தைக் கடத்தாத பீங்கான் காப்பான் மீது நிற்கிறது. கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகளுக்கு நடுவிலும் ஆங்காங்கே காப்பான் கோத்திருப்பார்கள். காப்பான் இல்லாவிட்டால் அந்தக் கம்பிகளும் அலையை வாங்கி வீசும். கம்பத்தடியில் இரண்டு உலோக உருண்டைகள் சிறு இடைவெளியில் எதிரெதிரே இருக்கும். மின்னல் தாக்கினால் பொறி அங்கே பாய்ந்து மண்ணுக்குப் போகும். பரப்பி ஒரு கணம் தானே நின்று மீண்டும் இயங்கும். கேட்பவருக்கு அது ஒரு வெட்டு.

ஆண்டெனாவின் கண்ணுக்குத் தெரியாத பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கம்பத்தின் அடியிலிருந்து சக்கர ஆரங்களைப் போல நூற்றுக்கு மேற்பட்ட செப்புக் கம்பிகளைப் புதைப்பது வழக்கம். அவை அறுந்தாலோ திருடுபோனாலோ பரப்பியின் மீட்டர் முழு கிலோவாட்டைக் காட்டிக்கொண்டிருக்கும், அலையோ தூரம் போகாது. அந்த ஆற்றல் மண்ணைச் சூடாக்கி வீணாகும். ஈரமும் உப்பும் உள்ள நிலம், தரையை ஒட்டிச் செல்லும் தரை அலைக்கு உகந்தது, கடல்நீர் அதைவிட உகந்தது. தூத்துக்குடியின் 200 கிலோவாட் அலை கடல்மேல் இலங்கைக்குச் சென்றது அதனால்தான்.

பகலில், வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலத்தின் டி அடுக்கு, வானை நோக்கிப் போகும் வானலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கரையும். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை பல நூறு கிலோமீட்டர் தாண்டி இறங்கும். தரை அலையும் வானலையும் சம வலுவில் சந்திக்கும் ஊர்களில் குரல் பொங்கும், அமிழும், குழறும். பெட்டியின் மேல் குறை இல்லை. நிலையம் எந்நேரமும் மெலிந்தே கேட்டால் பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே கிடைமட்டமாக இருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி மிகவும் மெலியும், பக்கவாட்டு நோக்கினால் தெளியும். மேலே இழுக்கும் ஏரியலுக்கு இதில் வேலை இல்லை. இடைவிடாத இரைச்சலுக்கு எல்.இ.டி. பல்பையும் மொபைல் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

மத்திய அலையை ஏ.எம். என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. ஏ.எம். என்பது வீச்சுப் பண்பேற்றம், அதாவது குரலை அலையில் ஏற்றும் முறை. சிற்றலையிலும் அதே முறைதான். மத்திய அலை என்பது இடம். அந்த இடத்தில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பும் ஓடுகிறது, அது ஏ.எம். அல்ல.

தனித்தமிழ் வேண்டுவோர் நடு அலை என்று எழுதலாம். ஆனால் புணர்த்தினால் ‘நடுவலை’ ஆகி, வலை என்று காதில் விழும். நெட்டலை, சிற்றலை, பண்பலை வரிசையில் ஒட்டி நிற்பது இடையலை. கலைச்சொல்லாக அதையே பரிந்துரைக்கிறோம். அறிவிப்பிலும் செய்தியிலும் மத்திய அலையே இருக்கட்டும், கேட்பவர் அறிந்தது அதுதான்.