‘பக்’ என்றதும் மூளை என்ன செய்கிறது?

ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு அது புரோகிராமில் உள்ள பிழை. உளவுத்துறைக்காரருக்கோ, அறையில் ஒளித்து வைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவி. பேச்சில் இந்தச் சொல் வரும்போது, இடம் பார்த்துப் பொருத்தமான பொருளை மட்டும் மூளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றும். 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் செய்த சோதனை வேறு விதமாகச் சொன்னது.

ஹெட்போனில் ஒரு கதை ஓடும்: அறை மூலையில் ஒருவர் சிலந்திகளையும் கரப்பான்களையும் இன்னபிற ‘பக்’குகளையும் பார்க்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்த கையோடு திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது நிஜமான ஆங்கிலச் சொல்லா, சும்மா சேர்த்த எழுத்துகளா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தொடர்புள்ள பொருள் ஏற்கெனவே மனதில் விழித்திருந்தால் விரல் கொஞ்சம் முந்தும். அந்த மில்லி விநாடிகளைத்தான் அளந்தார்கள்.

எறும்பைக் குறிக்கும் சொல் வந்தபோது விரல் முந்தியது. சரி, கதையே பூச்சிக் கதைதானே. ஆனால் ‘உளவாளி’ வந்தபோதும் முந்தியது! கதைக்குச் சம்பந்தமே இல்லாத ‘தைத்தல்’ வந்தபோது அப்படி இல்லை. அதாவது, சிலந்தியும் கரப்பானும் கண்முன் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே மூளை ஒட்டுக்கேட்புக் கருவியையும் ஒரு கணம் தூக்கிப் பார்த்திருக்கிறது. மூன்றே அசைகள் கழித்துச் சொல்லைக் காட்டியபோது எறும்புக்கு மட்டும் வேகம் இருந்தது; உளவாளிக்கு இல்லை. (ஒரு பொருள் மிகப் பிரபலமாகவும் மற்றது அரிதாகவும் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.)

அப்படியானால் ‘ரன்’ கதி என்ன? வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் கணக்கிட்டார்கள். அத்தனையையும் தூக்கிப் பார்த்தால் மூளை திணறாதா? திணறுவதில்லை. ஜெனிஃபர் ராட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பல பொருள்கள் உள்ள சொல்லை நாம் விரைவாகவே அடையாளம் காண்கிறோம். மனிதர் ஓடுவது, எந்திரம் ஓடுவது, கடை ஓடுவது எல்லாம் ஒரே குடும்பம். தாமதம் வருவது உறவே இல்லாத பொருள்கள் ஒரே சொல்லில் மோதும்போதுதான்: மரப்பட்டைக்கும் நாயின் குரைப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதுபோல.