கேமியோவுக்கு ஏற்ற சங்கு எது?

கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் சோழியில் பேர் வெட்டித் தருவார்கள். புள்ளி போட்ட பழுப்புத் தோலைக் கூர்முனை கீறியதும் அடியிலிருக்கும் வேறு நிறம் தெரியும். மை எதுவும் கிடையாது. இத்தாலியில், வெசூவியஸ் எரிமலையடிவாரத்து டோரே டெல் கிரேக்கோ ஊரில் செதுக்கும் கேமியோ எனப்படும் புடைப்புருவப் பதக்கங்களுக்கும் இதே அடுக்கு நிறம்தான் ஆதாரம். வேலை மட்டும் தலைகீழ்: உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைச் சீவி எடுக்கிறார்கள்.

எல்லாச் சங்கும் இதற்குத் தோதுப்படாது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பால்சங்கு வங்காளத்து வளையலுக்கு அருமையானது. ஆனால் தடிப்பு முழுக்க வெள்ளை. முகமும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை என்றால் செதுக்கி என்ன பயன்? தலைக்கவசச் சங்குகளில்தான் வெள்ளை அடுக்கும் அதன் அடியில் அடர் நிற அடுக்கும் பளிச்சென்று பிரிகின்றன. கரீபியன் கடலின் காசிஸ் மடகாஸ்கரியென்சிஸில் அடியடுக்கு கரும்பழுப்பு. இந்தியப் பெருங்கடலின் சிப்ரேகாசிஸ் ரூஃபாவில் செம்பழுப்பு. கரீபியனின் ராணிச் சங்கில் அழகான இளஞ்சிவப்பு உண்டு, ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

நிறம் ஒருபுறம் இருக்கட்டும், உறுதிதான் எனக்கு ஆச்சரியம். சங்கு என்பது பெரும்பாலும் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அதன் கடினம் 3.5 முதல் 4 வரைதான். எஃகு உளி எளிதில் இறங்கும். அப்படியானால் மூக்கு நுனியைச் செதுக்கும்போது ஏன் உடைவதில்லை? நத்தையின் உடலைப் போர்த்திய மென்சதை, அரகோனைட்டை மெல்லிய தகடுகளாக அடுக்குகிறது. அடுத்தடுத்த அடுக்குகளில் தகடுகளின் திசை ஏறத்தாழ செங்குத்தாகத் திரும்பும், பிளைவுட் பலகையில் மரநார் மாறி மாறி ஓடுவதுபோல. இடையில் சிறிதளவு புரதம். விரிசல் கிளம்பினால் நேரே ஓட வழியில்லை, தகட்டுக்குத் தகடு திசைமாறி வலுவிழக்கும். ராணிச் சங்கை உடைக்க, வெறும் அரகோனைட்டை உடைப்பதைவிடச் சுமார் 1000 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள்.

செதுக்குபவர் வெட்டிய துண்டை ஒரு மரக்கோலின் முனையில் சூடான அரக்குபோன்ற பசையால் ஒட்டிக்கொள்கிறார். முரட்டு வெளியடுக்கைச் சுரண்டி, வெள்ளையில் உருவம் வடிக்கிறார். வெள்ளை மெலிந்த இடங்களில் அடி நிறம் மங்கலாகக் கசியும். முந்தானையின் மடிப்பும் கன்னத்தின் நிழலும் அப்படித்தான் வருகின்றன. அடுக்கு எங்கே எவ்வளவு தடிப்பு என்பதை ஒவ்வொரு சங்கும் தானே தீர்மானித்திருக்கும்.

சிப்ரேகாசிஸ் ரூஃபாவும், இன்னொரு தலைக்கவசச் சங்கான காசிஸ் கார்னூட்டாவும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. இங்கே அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

பழைய பதக்கம் கையில் வந்தால் பின்பக்கம் பாருங்கள். சங்கின் வளைவையொட்டி வெட்டியதால் உட்குழிவு இருக்கும். விளக்குக்கு எதிரே பிடித்தால் உருவத்தின் கோடுகள் நிழலாகத் தெரியும்.