பையன் சாமி கும்பிட மாட்டேன் என்கிறான், ஏதாவது செய்யுங்கள்

குடும்ப ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் குடி, படிப்பு, கல்யாணப் பேச்சு என்றுதான் தொடங்குவார்கள். சில மாதங்களுக்கு முன் மனைவியோடும் மகனோடும் வந்த ஒருவர் உட்காரும் முன்பே சொன்னார்: “சார், பையன் நாத்திகனாயிட்டான். மூளையில ஏதாவது கோளாறான்னு பாருங்க.” பையன் கல்லூரி மாணவன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் பையனிடம் தனியாகப் பேசினேன். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், படிப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. கடவுள் நம்பிக்கையை விடுவது மனநோய் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-ல் வெளியிட்ட கையேட்டில் நம்பிக்கை இழப்பால் வரும் உளைச்சலுக்கு இடம் கொடுத்தார்கள். அதுவும் நோயாக இல்லை, ஆலோசனைக்குரிய சிக்கலாகத்தான். அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு, இவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கும் இதே அளவுகோல்தான்.

அப்புறம் மூவரையும் சேர்த்து உட்காரவைத்து, நாத்திகன் என்றால் என்ன என்று கேட்டேன். “எதுக்கும் கட்டுப்படாதவன் சார். நாளைக்கு அப்பா அம்மாவே வேண்டாம்பான்” என்றார் தந்தை. பையன் சொன்னான்: “கடவுள் இருக்காருன்னு ஏத்துக்க எனக்குப் போதுமான காரணம் கிடைக்கலப்பா. அவ்வளவுதான்.” ஆறு மாதமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சொல்லும் ஒரே இடத்தில் நின்றதில்லை. மனுஸ்மிருதி வேதத்தை நிந்திப்பவனை நாஸ்திகன் என்கிறது. அதனால்தான் சாங்கியம், மீமாம்சை என்ற பழைய தத்துவப் பிரிவுகள் படைப்புக் கடவுள் தேவைப்படாதவையாக இருந்தும், வேதத்தை ஏற்றதால் ஆத்திகமாக எண்ணப்பட்டன, சமணமும் பௌத்தமும் வெளியே நின்றன. பெரியாருக்குப் பிறகு நம் ஊரில் அந்தச் சொல்லோடு சாதி எதிர்ப்பும் சடங்கு எதிர்ப்பும் சேர்ந்தே காதில் விழுகின்றன. தத்துவம் படித்தவர்களிலும் இரண்டு கட்சி உண்டு. கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்பவரே நாத்திகர் என்பார்கள் சிலர். நம்பிக்கை இல்லாத எவரும் நாத்திகர்தான் என்பார்கள் மற்றவர்கள். அறிய முடியாததை அறிந்ததாகச் சொல்ல மாட்டேன் என்ற தன் நிலையைக் குறிக்க, 1869-ல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லையே உண்டாக்கினார்.

குழந்தைகளுக்காக என் அறையில் ஒரு பல்லாங்குழி இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளி மூடிக்கொண்டேன். “ஒத்தையா, ரெட்டையா?”

“ரெட்டை” என்றார் தந்தை.

“அப்பா சொல்றதை ஏத்துக்கிறியா தம்பி?”

“எண்ணிப் பார்க்காம எப்படி சார்?”

“அப்போ ஒத்தைங்கிறியா?”

“அதையும் நான் சொல்லலையே.”

தந்தை என் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இதைத்தான் இத்தனை நாளா சொல்றானா?” என்றார்.

பையனிடமும் பேச வேண்டியிருந்தது. அம்மா கந்த சஷ்டி விரதம் இருந்தபோது “ப்ரூஃப் இருக்கா?” என்று கேட்டிருக்கிறான். சொன்ன காரணத்திலிருந்து முடிவு வருகிறதா என்று பார்க்கத் தர்க்கம் வேண்டும். நேர்ந்துகொண்டேன், காய்ச்சல் விட்டது, ஆகவே சாமிதான் என்றால் முடிவு நிற்காது. சாமி பேரால் ஏமாற்றுகிறார்கள், ஆகவே சாமி இல்லை என்றாலும் நிற்காது. மணிமேகலைக் காப்பியத்தில், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதி ஒருவன் கண்கூடாகக் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்கிறான். தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவனைக் கேட்கிறாள் மணிமேகலை. இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதுவரை வாய் திறக்காத அம்மா அப்போது பேசினார். “இவனுக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சு போச்சு சார். அந்த வருஷங்கள்ல எனக்குப் பிடிச்சுக்க வேற எதுவும் இல்லை. அப்போ ஆரம்பிச்ச விரதம் இது.” பையனுக்கு அது தெரியாது. அவரிடம் நிரூபணம் கேட்பதில் பொருளில்லை. அவர் யாரோடும் வாதத்துக்கு வரவேயில்லை.

மூன்றாவது முறை அம்மா மட்டும் வந்தார். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் விபூதித் தட்டைப் பையன் பக்கம் நீட்டுவதில்லையாம். போன சஷ்டிக்குப் பையன்தான் பைக்கில் கூட்டிப்போனானாம். கோயிலுக்குள் வரவில்லை. எதிரே டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம், அம்மாவின் செருப்பைத் தன் காலருகே வைத்துக்கொண்டு.