பேன்ட் சைஸ் 34 தான் டாக்டர்

கம்பத்துல சின்னதா கிளினிக் வச்சிருக்கேன். விடியக்காலையில ஜீப் ஏறி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க சாயங்காலம் இறங்கி வர்ற வழியில அப்படியே இங்க வந்து உக்காருவாங்க. (ஆள் தெரியாம இருக்க சில விவரங்கள மாத்தியிருக்கேன்.)

அங்க கடை வச்சிருக்க ஒரு அண்ணன், வயசு 44, கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குதுன்னு வந்தாரு. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 63 கிலோ. எடைய மீட்டர் கணக்குல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்றதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கேத்த எடையான்னு பாக்குற கணக்கு. அவருக்கு 22.3, சார்ட்ல பச்சைக் கலர், அதாவது சரியான எடை. சுகர் பாத்தா வெறும் வயித்துலயே 190, ரொம்ப அதிகம். "ஒல்லியாத்தான டாக்டர் இருக்கேன், பேன்ட் சைஸ் 34 தான்"னு நம்பவே மாட்டேங்கிறாரு. சட்டையத் தூக்குங்கண்ணேன்னு டேப் வச்சா 97 சென்டிமீட்டர், 38 இன்ச்சுக்கு மேல! தொப்பைக்குக் கீழ இறக்கிப் போட்டா பேன்ட் சைஸ் எப்படி ஏறும்?

இந்தக் கணக்கோட மூலம் 1830கள்ல பெல்ஜியத்துல க்வெட்லே போட்டது, அவரு டாக்டர் இல்ல, கணிதக்காரர், சராசரி மனுசன் எப்படி இருப்பான்னு பாக்கப் போட்டாரு. பிஎம்ஐங்கற பேரே 1972ல ஆன்செல் கீஸ்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வச்சதுதான். கூட்டத்தப் பத்திப் பேச நல்ல கணக்கு, ஆனா அதுல கொழுப்பு எவ்வளவு சதை எவ்வளவு, கொழுப்பு வயித்துலயா தொடையிலயான்னு எதுவும் தெரியாது. 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு படம் வந்துச்சு, புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, ரெண்டு பேருக்கும் நம்ம அண்ணனுக்கு வந்த அதே 22.3, உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்ம ஆளுங்க உடம்பு வாகு அப்படி. அதான் இங்க 23 தாண்டினாலே அதிக எடை, 25ல இருந்து பருமன்னு வச்சிருக்கோம், போன்ல இருக்குற பல ஆப் இன்னும் 25, 30னுதான் காட்டுது.

சரி 23தான் கோடுன்னு அதையும் கண்ண மூடிட்டுப் பிடிக்க முடியாது. தோட்டத்துல மூட்டை தூக்குற ஒரு அக்கா, 150 சென்டிமீட்டர், 54 கிலோ, பிஎம்ஐ 24. ஏதோ கேம்ப்ல எடை அதிகம்னு சொல்லிவிட்டிருக்காங்க, அதுக்காக ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திட்டு மலைச் சரிவுல தலை சுத்தி உக்காந்துட்டாங்க. இடுப்பு 72தான், சுகர் பிரஷர் எல்லாம் நார்மல், கையப் பாத்தா முறுக்குன கயிறு மாதிரி இருக்கு. அந்த எடை உழைச்சு வந்த சதை, அதையா பட்டினி கிடந்து கரைக்கச் சொல்லணும்? எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு, ஒழுங்கா மூணு வேளையும் சாப்பிடுங்க, பருப்பும் முட்டையும் சேத்துக்கங்கன்னு அனுப்புனேன்.

டேப்பையும் சரியா வைக்கணும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டு முடிச்சதும், வயித்த எக்காம, டேப்ப இறுக்காம. ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், உயரத்துல பாதிக்குள்ள இருந்தா இன்னும் நல்லது. கர்ப்பிணிகளுக்கும் வயித்துல நீர் கோத்தவங்களுக்கும் இது ஆகாது. ஜிம்முல கொழுப்பு சதவீதம் காட்டுற மெஷின் இருக்கே, அது நீங்க தண்ணி குடிச்சதுக்கே மாறும்.

எடை ஏறுறதெல்லாம் கொழுப்பும் இல்ல. நாலு நாள்ல ரெண்டு மூணு கிலோ கூடி, காலும் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுதுன்னா அது நீர், இதயமோ கிட்னியோ பாக்கணும், அன்னைக்கே வாங்க.

குறையுறதத்தான் யாரும் கண்டுக்கறதே இல்ல. ஒரு அப்பத்தா, 56 கிலோ இருந்தவங்க அஞ்சு மாசத்துல 49. "நல்லதுதான டாக்டர், மூட்டு வலி குறையும்"னு மகன் சொல்றாரு. முயற்சி பண்ணாமலே ஆறு மாசம் ஒரு வருசத்துக்குள்ள இருபதுல ஒரு பங்கு எடை போனாலே தேடிப் பாக்கணும், அப்பத்தாவுக்கு எட்டுல ஒரு பங்கு போயிருக்கு, ரெண்டு மாசமா இருமலும் இருந்திருக்கு. சளி டெஸ்ட்ல டிபி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில டெஸ்ட், மாத்திரை எல்லாமே இலவசம், இப்ப சாப்பிட்டுட்டு இருக்காங்க, எடை 51 ஆயிருக்கு.

டேப் எப்பவும் என் மேஜை மேலதான் கிடக்கும். ஜீப்ப விட்டு இறங்குற வழியில வந்து அளந்துட்டுப் போங்க, அதுக்கு டோக்கன் எல்லாம் வேணாம்.