மழைநீரை விட்டு எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி

பெரிய டிரான்ஸ்பார்மர்களுக்கு அடியில் மட்டும் ஏன் ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஜல்லிக்கான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைத் தாண்டி வரும் தொட்டிதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சுருள்களைக் குளிர்விக்கவும் மின்காப்புக்காகவும் பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் இருக்கும். உள்ளே கோளாறாகி உடல் கிழிந்தால் அது எரிந்தபடியே கொட்டும். ஜல்லி இடுக்குகளில் இறங்கும்போது சூட்டைக் கற்கள் வாங்கிக்கொள்ளும், காற்றும் கிடைக்காது, தீ அடங்கும். ஆனால் ஜல்லிக்கு நடுவே காலியிடம் ஏறக்குறைய 40 சதவீதம்தான். 60,000 லிட்டரை அங்கேயே தேக்க 150 கன மீட்டர் குழி வேண்டும். அதனால் பல இடங்களில் எண்ணெயைக் குழாய் வழியே தனித் தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள்.

சரி, மழை பெய்தால்? குழியில் விழும் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வரும். வெளியேற்றாவிட்டால் எண்ணெய்க்கு இடமிருக்காது. வடிகாலைத் திறந்தே வைத்தால் எண்ணெயும் ஓடிவிடும்.

இதற்கு மோட்டாரோ சென்சாரோ தேவையில்லை. தொட்டியின் குறுக்கே ஒரு சுவர், அதன் அடியில் மட்டும் ஒரு திறப்பு. சுவருக்கு அந்தப் பக்கம், திறப்புக்கு 2 மீட்டர் மேலே வெளியேறும் வாய். தொட்டியில் எப்போதும் அந்த வாய்மட்டம் வரை தண்ணீர் நிற்கும். மழை வந்தால் வந்த அளவு தண்ணீர் அடிவழியே போய் வழிந்துவிடும். எண்ணெய் வந்தால் குழாய் வந்து சேரும் இந்தப் பக்கமே மிதக்கும். அதன் எடைக்கு ஈடான தண்ணீர் மட்டும் வெளியேறும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெயின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.88 பங்கு. ஆகவே 1 மீட்டர் எண்ணெய் 88 சென்டிமீட்டர் தண்ணீரைத்தான் தாங்கி நிறுத்தும். எண்ணெய்ப் பக்கத்து மட்டம் 12 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். திறப்பு வரை எண்ணெய் இறங்கும்போது, திறப்பிலிருந்து எண்ணெய் மட்டத்தின் உயரம் 2.27 மீட்டர். சுவரை வாய்மட்டத்துக்கே கட்டினால் அதற்கு முன்பே எண்ணெய் மேலே வழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த மிதத்தல் விதி, கட்டடத்தின் உயரத்தையே நிர்ணயிக்கிறது!

கோடையில் தண்ணீர் ஆவியாகித் திறப்புக்குக் கீழே போனால் பூட்டு உடைந்த மாதிரிதான். எண்ணெய் அடிவழியே நேராகப் போய்விடும். டிரான்ஸ்பார்மருக்குச் செலவழிக்கிறவர்கள், இந்த நீர்மட்டத்தைத் தவறாமல் பார்க்க ஒரு ஆளுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

அப்புறம் தீயணைப்பு நுரை. அது எண்ணெயைப் பொடித்துளிகளாக்கித் தண்ணீரோடு கலந்துவிடும். துளியின் விட்டம் பாதியானால் மேலேறும் வேகம் கால்வாசியாகும். அதனால் தீயணைப்பு நீரையும் கணக்கில் சேர்த்துத் தொட்டியைப் பெரிதாகக் கட்ட வேண்டும். துளிகள் மேலேறி ஒன்றுசேர அவகாசம் கிடைக்கும்.