வெளிநாடு கிளம்பும் கால்பந்து அணியும் ஒரு இருமல் சிரப்பும்

தேசிய அணி வெளிநாட்டுப் போட்டிக்குத் தயாராகிறது என்றதும் எல்லோரும் யார் கோல்கீப்பர், அங்கே வெயில் எப்படி, எத்தனை நாள் முன்னாடி போய் இறங்கணும் என்றுதான் பேசுவார்கள். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் விளையாட்டு மருத்துவராக முகாமில் நான் முதலில் சொல்வது, "பையில இருக்கிற மருந்து எல்லாத்தையும் எடுத்துக் கட்டில் மேல வைங்கப்பா" என்பதைத்தான்.

ஒருமுறை அப்படி வைத்த குவியலில் சீல் பிரிக்காத இருமல் சிரப் ஒன்று இருந்தது. "அம்மா கொடுத்து விட்டாங்க டாக்டர், சின்ன வயசுலேர்ந்து இதுதான்" என்றான் அந்தப் பையன். லேபிளைத் திருப்பினால் பொடி எழுத்தில் டெர்புட்டலின், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. நம்மூர் மருந்துக் கடைகளில் சளி இருமலுக்குக் கொடுக்கும் எத்தனையோ சிரப்களில் இது உண்டு. வாடா எனும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலிலோ, போட்டி நாளோ பயிற்சி நாளோ, எந்நேரமும் தடை செய்யப்பட்ட மருந்து இது. அம்மா கொடுத்தார், தெரியாமல் குடித்தேன் என்று சொன்னால் தண்டனை குறையலாம், ஆனால் உடம்பில் இருப்பதற்குப் பொறுப்பு வீரர்தான் என்ற விதி மாறாது.

நாட்டு மருந்துதானே, ஒன்றும் செய்யாது என்பவர்களுக்கு நான் வட கொரியாவின் கதையைச் சொல்வேன். 2011-ல் ஜெர்மனியில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் அந்த அணியின் 5 பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியின்போது மின்னல் தாக்கியதால் கஸ்தூரி மானின் சுரப்பியில் செய்த மருந்தைக் கொடுத்தோம் என்றது அணித் தரப்பு. விளக்கம் எடுபடவில்லை, 2015 உலகக் கோப்பைக்கு அணியே வர முடியாமல் போனது. அதனால்தான் என்னென்ன சேர்த்தது என்று முழுசாக எழுதாத லேகியம், சூரணம், ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர் எதையும் நான் விமானம் ஏற விடுவதில்லை. இதில் என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு, பரவாயில்லை.

போய் இறங்கிய ஊரில் மருந்து வாங்குவது இன்னொரு ஆபத்து. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரிட்டன் பனிச்சறுக்கு வீரர் ஆலன் பாக்ஸ்டர், மூக்கடைப்புக்கு அமெரிக்காவில் வாங்கிய விக்ஸ் இன்ஹேலரால் பதக்கத்தை இழந்தார். பிரிட்டனில் அவர் வழக்கமாக வாங்கும் அதே பெயர் இன்ஹேலரில் இல்லாத ஒரு பொருள் அமெரிக்க இன்ஹேலரில் இருந்தது, அவ்வளவுதான்.

சாப்பாடும் இந்தக் கணக்கில்தான் வரும். 2011-ல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் எடுத்த 208 மாதிரிகளில் 109-ல் கிளென்பியூட்டரால் என்ற தடை மருந்து இருந்தது. மாட்டைக் கொழுக்க வைக்க முறைகேடாகக் கொடுக்கும் மருந்து, இறைச்சி வழியாகப் பையன்கள் உடம்புக்குள் போயிருக்கிறது. சில வாரம் முன்புதான் தங்கள் சீனியர் அணியில் 5 பேர் இதே மருந்தில் மாட்டியதைப் பார்த்திருந்த மெக்சிகோ, இறைச்சியை நிறுத்திவிட்டு மீனும் காய்கறியும் கொடுத்தே அந்தச் சிறுவர் அணியைத் தயார் செய்தது. கோப்பையும் அவர்களுக்கே. தயாரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், ஆஸ்துமா உள்ள வீரர்களுக்கு: சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு அளவோடு அனுமதி உண்டு, அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ கூடாது. கட்டாயம் வேண்டிய மருந்து தடைப் பட்டியலில் இருந்தால் போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலும் வருஷா வருஷம் மாறுகிறது. முழங்கால் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை, டிரமடால் வலி மாத்திரைக்கு 2024 முதல். போன வருஷம் சாப்பிட்டேனே என்ற பேச்சே வேண்டாம்.

சிரப் பையன் அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். "அப்போ அங்க போய் இருமினா என்ன பண்றது டாக்டர்?" என்றார் அவர். வெந்நீரும் தேனும் போதும்மா, கேட்கலைன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் என் ரூம் கதவைத் தட்டச் சொல்லுங்க என்றேன்.