மழை நாளில் தள்ளினால் மட்டும் கிளம்பும் கார்

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய காந்தி மார்க்கெட் பகுதியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்குவது மழைக்காலத்தில் ஒரு செய்தியே அல்ல. அந்தத் தண்ணீரில் நின்றுபோன கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் மறுபடி கிளம்பிய விதம்தான் என் கவனத்தை ஈர்த்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகவே சுற்றும். என்ஜின் மட்டும் பிடிக்காது. "வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு தம்பி, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒருமுறை கேட்டார். நாங்கள் நால்வர் இருபது அடி தள்ளியதும் அவர் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஸ்டார்ட்டரும் என்ஜினைச் சுற்றத்தான் செய்தது, நாங்களும் சுற்றத்தான் செய்தோம். அப்படியிருக்க, அது எங்களுக்கு மட்டும் இணங்கியது ஏன் என்ற கேள்வி வீடு வந்து தலை துவட்டிய பின்பும் என்னை விடவில்லை.

பத்மினி 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் குர்லா தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய கார். 1089 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட என்ஜின் அதனுடையது. பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் சிலிண்டருக்குள் வர வேண்டும், பிஸ்டன் அவற்றை அழுத்த வேண்டும், அழுத்திய கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். இம்மூன்றும் நடந்தால் எந்தப் பெட்ரோல் என்ஜினும் ஓடும். கிளம்பாத காரில் முதலில், சிலிண்டருக்குள் தீப்பொறியை விழச் செய்யும் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி முகர்ந்து பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். பிளக் முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்து சேர்கிறது, தீப்பொறிதான் வரவில்லை என்று பொருள். மழை நாளில் பெரும்பாலும் அந்த வாடைதான் அடிக்கும்.

பேட்டரியில் இருப்பது வெறும் 12 வோல்ட். தீப்பொறிக்கோ பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்கும் வழியை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்தார். 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. இக்னிஷன் காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், தலைமுடி போன்ற மெல்லிய கம்பி அதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கும். பாயிண்ட் என்று அழைக்கப்படும் சிறு தொடுமுனைகள் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மூன்று, நான்கு ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலத்தை எழுப்புகிறது. என்ஜினோடு சுழலும் கேம் என்ற மேடுள்ள தண்டு பாயிண்டைத் திறந்ததும் மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சரிகிறது. சரியும் வேகத்தில் தடித்த கம்பியில் இருநூறு, முந்நூறு வோல்ட்டும், அதன் நூறு மடங்காக மெல்லிய கம்பியில் இருபதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் எழும். பாயிண்ட்டின் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும், மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைக்கும் கண்டென்சர், திறக்கும் முனைகளுக்கு இடையே பொறி பறந்து ஆற்றல் வீணாவதைத் தடுத்து, அறுபடுவது சட்டென்று நிகழச் செய்கிறது. கண்டென்சர் கெட்ட காரில் பாயிண்ட் கருகிப்போவது இதனால்தான்.

காயிலில் எழுந்த உயர் மின்னழுத்தம் தடித்த ரப்பர் வயர் வழியாக டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவுக்கு வருகிறது. மூடிக்குள் சுழலும் ரோட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பகிர்ந்து கொடுக்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது இந்த ஒரே காயில் நொடிக்கு நூறு பொறிகளைத் தர வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், நூறாண்டுக்கு முற்பட்ட இந்த ஏற்பாட்டின் மீது மரியாதை தோன்றாமல் போகாது. கெட்டரிங் நிறுவிய டெல்கோ நிறுவனத்தின் பெயரே ஸ்பானிய மொழியில் டிஸ்ட்ரிப்யூட்டரைக் குறிக்கும் சொல்லாக இன்றும் வழங்குகிறது.

பிளக்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டியது. சாதாரணக் காற்றில் அந்த இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். ஆனால் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்று பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கிறது. காற்று நெருக்கமாக நெருக்கமாக அதன் ஊடாக மின்சாரம் பாய்வதற்குத் தேவையான மின்னழுத்தமும் கூடும். பத்தாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். பிளக்கைக் கழற்றி என்ஜின் உடம்பில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொறி நன்றாக வருகிறது, பிளக்கில் குறையில்லை" என்று தீர்ப்பளிப்பவர்கள் தவறும் இடம் இதுவே. வெளியில் பார்த்த பொறி 3,000 வோல்ட்டுக்கு மட்டுமே சாட்சி. வெட்டவெளியில் மங்கலான மஞ்சள் பொறியைக் காட்டும் காயில் சிலிண்டருக்குள் ஒன்றுமே காட்டாமல் போகலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்று புகுவதால் தேவை இன்னும் ஏறும். மழையில் சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும் என்ஜின் வேகமெடுக்கும்போது தும்முவதன் காரணமும் அதுதான். மும்பை டாக்ஸிகள் பிற்காலத்தில் மாறிய சி.என்.ஜி. எரிபொருளுக்குப் பெட்ரோலைவிட உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும் என்பதால், அவற்றின் இக்னிஷன் எப்போதும் எல்லைக்கு அருகிலேயே வேலை செய்தது.

தேவை ஒரு பக்கம் இப்படி ஏற, மறுபக்கம் மழை இருப்பைத் திருடுகிறது. ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் பொறி வெளியே ஓடிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல; ஈரமான காற்றும் உலர்ந்த காற்றைப் போலவே நல்ல மின்காப்புப் பொருள்தான். தூய நீரும்கூட மோசமான கடத்தியே. குற்றவாளி உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத்தூள் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் மேலும் வயர்களின் மேலும் சாலைப் புழுதியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து ஆண்டு முழுவதும் படிகிறது. கோடையில் அது தீங்கற்ற அழுக்கு. சமையல் உப்பின் வேதிப்பொருளான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்த எந்த வீட்டாருக்கும் இது தெரியும். ஜூலையில் மும்பைக் காற்று பெரும்பாலான நேரம் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே ஒரு துளி மழைகூடப் படாமல், மூடிய கராஜில் நிற்கும் காரின் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியிலும் உப்புநீர்ப் படலம் உருவாகிவிடும்.

அந்தப் படலம் ஒரு மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம் மின்தடையுள்ள பாதை என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட மின்காப்பு என்றே தோன்றும்; 12 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 12 மைக்ரோஆம்பியர், யாரும் பொருட்படுத்தாத அளவு. அதே பாதையின் மேல் 20,000 வோல்ட் வந்தால் ஓடுவது 20 மில்லிஆம்பியர். மெல்லிய கம்பிச் சுருளால் தரக்கூடியதே சில பத்து மில்லிஆம்பியர்தான் என்பதால், பிளக் முனையில் பொறி தாவுவதற்கு முன்பே அழுத்தம் மூடியின் மேல் வழிந்து தணிந்துவிடுகிறது. அடி ஓட்டையான குடத்தில் தண்ணீர் பிடிப்பதைப் போன்ற நிலை இது. குழாய் வேகமாகத் திறந்தால் குடம் கழுத்துவரை நிரம்பும், மெதுவாகத் திறந்தால் பாதியோடு நிற்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துச் சோதிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிய, கார் மட்டும் கிளம்பாத புதிரின் விடை இந்தக் கசிவில் இருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் வளையம் வளையமாக மேடுகள் வைத்திருப்பதும் அழகுக்காக அல்ல. மேற்பரப்பில் ஊர்ந்து செல்லும் மின்சாரம் கடக்க வேண்டிய தூரத்தை அவை நீட்டுகின்றன.

இப்போது தள்ளிய கதைக்குத் திரும்பலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்குவது இயல்பு. வயதான பேட்டரியில் இன்னும் இறங்கும். காயிலும் அதே பேட்டரியைத்தான் நம்பியிருக்கிறது. அழுத்தம் முக்கால் பங்கானால் காயிலில் பாயும் மின்சாரமும் முக்கால் பங்காகும். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் மின்சாரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அது 56 விழுக்காடாகச் சுருங்கிவிடும். உலர்ந்த நாளில் அந்த 56 விழுக்காடே தாராளம். உப்புப் படலம் உள்ள நாளில் அது போதாது. நால்வர் தள்ளும்போது ஸ்டார்ட்டர் ஓய்வில் இருக்கிறது, பேட்டரியின் 12 வோல்ட் முழுவதும் காயிலுக்கே கிடைக்கிறது, ஓட்டைக் குடம் கழுத்துவரை நிரம்புகிறது. எங்கள் கை பலம் என்ஜினைச் சுற்றியதைவிட, பேட்டரியின் சுமையை இறக்கிவைத்ததுதான் பெரிய உதவி. காடிலாக் கார்களில் 1912-இல் வந்த மின் ஸ்டார்ட்டரும் கெட்டரிங்கின் படைப்பே. தம் இரு கண்டுபிடிப்புகளையும் அவர் ஒரே பேட்டரிக்குப் போட்டி போட விட்டுவிட்டார். பின்வந்த பொறியாளர்கள் சில கார்களில் காயிலைக் குறைந்த அழுத்தத்துக்கு வடிவமைத்து, ஓடும்போது ஒரு மின்தடை வழியாகவும் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் நேரடியாகவும் மின்சாரம் கொடுத்து இந்தச் சண்டையைத் தீர்த்தார்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் காற்று நுழைவாய் வரை தண்ணீர் ஏறியிருந்த காரைத் தள்ளவும் கூடாது, சுற்றவும் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நீர் காற்றைப் போல அழுங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் இணைப்புத் தண்டு வளைந்துபோகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது போன்ற நாள்களில் மூழ்கிய கார்களுக்கு இங்கு சொல்லப்படும் எதுவும் பொருந்தாது.

தாராவிக்காரர் வேறொரு வித்தையும் அறிந்திருந்தார். பிளக் வயரை முழுதாக அழுத்திச் செருகாமல், பிளக்கின் தலையிலிருந்து சில மில்லிமீட்டர் விலக்கி நிறுத்தினால் நனைந்த பிளக்கும் கரி படிந்த பிளக்கும் சில சமயம் உயிர்பெறும். நடுவில் இன்னோர் இடைவெளி வைத்தால் பொறி பலவீனமாகத்தானே ஆகும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. உண்மையில் அந்த இடைவெளி ஒரு மதகு போல வேலை செய்கிறது: அழுத்தம் போதிய உயரத்துக்கு எழும்வரை பிளக்கிலுள்ள கசிவுப் பாதை காயிலோடு தொடர்பற்று நிற்கிறது; எழுந்த பிறகு முழு அழுத்தமும் ஒரே பாய்ச்சலில் வந்து விழுவதால், கசிந்து தணிய நேரமில்லாமல் பொறி தாவிவிடுகிறது. இதை வெறுங்கையால் செய்து பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இக்னிஷனை நெருங்கவே கூடாது.

இதற்கு முறையான தீர்வு துடைப்பதுதான். மூடியின் உள்ளும் புறமும், ரோட்டரையும், காயிலின் கழுத்தையும், வயர்களின் முழு நீளத்தையும் உலர்ந்த துணியால் அழுக்குப் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்தால் உப்பு அங்கேயே தங்கி மறுநாள் மீண்டும் கசியும். நீரை விரட்டும் தெளிப்பான்கள் அன்றைக்கு உதவும், ஆனால் அவை விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பூச்சு புழுதியை இழுக்கும். மூடிக்குள் ரோட்டர் முனையில் பறக்கும் பொறிகள் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் உண்டாக்கி, அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாவதால்தான் பல டிஸ்ட்ரிப்யூட்டர்களில் காற்றோட்டத் துளைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நீர் புகாதபடி அவற்றை அடைத்துவிடுவது வேறொரு நோயை வரவழைக்கும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியது போன்ற மெல்லிய கருங்கோடு தெரிந்தால் துடைப்பதும் வீண். கசிந்த மின்சாரம் மூடியின் பேக்கலைட் பிளாஸ்டிக்கைக் கருக்கிக் கரிப்பாதையாக்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். கரி கோடையிலும் கடத்தும். குர்லாவில் சி.எஸ்.டி. சாலையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மூடி வாங்குவோர் விலை பேசுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டுக்காகத்தான்.

கடைசி பத்மினி டாக்ஸி மும்பையில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்ஸிகளுக்கான இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அவை சாலையை விட்டு விலகின. சொந்தக் காராகப் பத்மினியை வைத்துப் பராமரிப்பவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் உண்டு. அவர்களில் பலருக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது: காலையில் அரை மணி நேரம் அழவைத்த கார், மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. என்ஜின் சூடேறிய பத்தாவது நிமிடத்தில் உப்புப் படலம் உலர்ந்து தடயம் அழிந்துவிடுவதால், அவரும் பாவம், எதைக் கண்டுபிடிப்பார்? எனவே சோதனையை இரவில், விளக்கை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். கையையும் தளர்ந்த உடையையும் விசிறியிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, ஓடும் என்ஜினின் வயர்கள் மேலும் மூடியின் மேலும், இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கும் புட்டியால் எட்ட நின்று மெல்லிய நீர்த்தூவலை விடுங்கள். நல்ல வயர்கள் இருட்டாகவே இருக்கும். கசியும் இடத்தில் மட்டும் ஒரு நீல நூல் மூடியின் விளிம்பிலிருந்து இரும்பை நோக்கி ஊர்ந்துபோகும், அதே கணத்தில் என்ஜினும் ஒரு தாளம் தப்பும்.